சாப்பாடு இருக்கு... இறங்கலை!

"என்னங்க, உங்க ரெண்டாவது சம்சாரம் மஞ்சளாயிட்டா!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு குரல் வந்தால் எந்தக் குடும்பஸ்தனும் பதறித்தான் எழுந்திருப்பான். நானும் லுங்கியை இறுக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன்.

பயப்படாதீர்கள். 'ரெண்டாவது சம்சாரம்' என்று என் மனைவி பெயர் வைத்திருப்பது பால்கனியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என் போன்சாய் மரங்களுக்கு. அரசு, ஆல், காகிதப்பூ, அடீனியம், சவுக்கு, கடைசித் தொட்டியில் தெச்சி. ஆக மொத்தம் ஆறு. போன்சாய்க்கும் என் உத்தியோகத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டுமே வருஷத்துக்கு ஒரு இன்ச்தான் வளரும். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

மஞ்சளாகியிருந்தது தெச்சி. அதுதான் வயிற்றைக் கலக்கியது. மற்ற ஐந்தும் நான் காசு கொடுத்து வாங்கியவை. தெச்சி அப்படி இல்லை.

மெட்ராஸ்காரர்களுக்குத் தெச்சி என்றால் புரியாது. 'இட்லிப்பூ' என்றால் புரியும். சங்க காலத்து மறவர்கள் தலையில் சூடிக்கொண்டு மாடு பிடிக்கப் போனார்களே, அந்த வெட்சியும் இந்த வகைதான். மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுக் கிணற்றடியில் அம்மா வைத்த செடி அது. அம்மா போய் ஒரு வருஷம் கழித்து, 2018-ல் வீட்டை விற்றோம். ரிடையர்டு வாத்தியாரான அப்பா, பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஒரே ஒரு சாமானைத்தான் கேட்டார். மண்வெட்டி.

செடியைத் தோண்டி, குட்டையாக வெட்டி, ஊர்ச் செம்மண்ணோடு சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றினோம். டி.டி.ஆர். வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு டிக்கெட் இருக்கா?" என்றார். "அது எங்க வீட்டு அம்மா சார்" என்றார் அப்பா. அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

முழங்கை கனத்துக்கு அடிமரம். அகலமான போன்சாய் தொட்டியில் உட்கார வைத்ததும் நூறு வயசுப் பெரியவர் மாதிரி ஒரு களை வந்துவிட்டது. முதல் வருஷம் பூத்துக் குலுங்கியது. அப்பா தினமும் காலையில் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

அப்பா வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பால்கனியிலிருந்து, "மக்களே, வெள்ளம் வேணும்... வெள்ளம்!" என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பெயர் வெள்ளம். 2015 டிசம்பரைப் பார்த்த மடிப்பாக்கத்துப் பெண்ணிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? ரேஷன் கார்டு, நகை, குழந்தையின் பர்த் சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடப்போனாள் என் தர்மபத்தினி. அப்பா கையில் காலி செம்போடு நின்றார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2019 கோடை வந்தது. ஏரியெல்லாம் வறண்டு, லாரித் தண்ணீருக்கு நகரமே குடத்தோடு நின்ற வருஷம். ஃப்ளாட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். துணி துவைத்தால் நுரை வராது. பக்கெட்டில் வெள்ளைப் படலம்.

"செடிக்கெல்லாம் ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது" என்று வீட்டில் உத்தரவு. எனக்கு ஒரு ஐடியா தோன்றியது. சமையல்கட்டில் ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளுகிற தண்ணீர் சும்மாதானே சாக்கடைக்குப் போகிறது? குழாயை பக்கெட்டில் விட்டேன். அந்தத் தண்ணீர் ஆறு தொட்டிக்கும் போதும்! இந்தச் சிக்கனத்தை ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அதே சமயம் தெச்சித் தொட்டியை அழகுபடுத்த, மேல் மண்ணை வெள்ளை மார்பிள் சில்லால் மூடினேன். பார்க்க ஜோராக இருந்தது.

ரெண்டு மாசத்தில் மஞ்சள்.

நம்மூரில் எது வாடினாலும் ஒரே வைத்தியம்தானே, 'பாவம், பசி'. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். ஜப்பான்காரர்கள் போன்சாய்க்குக் கடுகு இனத்துப் பிண்ணாக்கைப் போடுகிறார்கள் என்று படித்திருந்தேன். அவர்களுக்கு அது, நமக்கு இது! மூணாவது நாள் கீழ் ஃப்ளாட் ஆடிட்டர் பிளம்பரோடு மேலே வந்தார். "உங்க வீட்டு டிரெய்னேஜ் எங்கேயோ ஒழுகுது சார்..." பிளம்பர் மோந்து மோந்து பால்கனி வரைக்கும் வந்து, பிண்ணாக்கு வாளியைக் கண்டுபிடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விசிட்டிங் சார்ஜ் இருநூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு போனார்.

தெச்சி தெளியவில்லை. டி.ஏ.பி. போட்டேன். எலும்புத்தூள் போட்டேன். யூரியா ஒரு சிட்டிகை. ஊஹூம். இப்போது மஞ்சள் இலையின் ஓரம் வேறு கருக ஆரம்பித்தது. தொட்டி விளிம்பில் உப்புப் பூத்திருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் பேப்பர் படிக்கிற சாக்கில், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அப்பாவும் இளைத்திருந்தார். ரெண்டு இட்லியில் ஒன்றரை மிஞ்சும். சப்பாத்தியில் பாதி. "மாமா, சத்து மாவுக் கஞ்சி? மாமா, ஹார்லிக்ஸ்? மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு?" என்று என் மனைவி தட்டில் வைத்துக்கொண்டே இருப்பாள். அவரும் மறுக்காமல் வைத்துக்கொண்டு, அப்படியே மூடிவைத்துவிடுவார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, "நார்மல். நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அதற்குத்தான் டாக்டரிடமே போனோம்!

எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் கிளார்க்கின் மாமனார் விவசாய இலாகாவில் ரிடையரானவர். ஒரு சனிக்கிழமை மஞ்சள் இலை நாலைந்தைக் கவரில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

"இது கொழுந்து இலையா, முத்தின இலையா?"

"கொழுந்து சார். கீழ் இலையெல்லாம் ஓரளவு பச்சையாத்தான் இருக்கு."

"இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பாருங்க, வலை பின்னின மாதிரி! நீங்க பசின்னு நெனைச்சு உரம் போட்டிருப்பீங்களே?"

தலையாட்டினேன்.

"நைட்ரஜன் பத்தலைன்னா முதல்ல பழைய இலைதான் வெளுக்கும். தன்கிட்ட இருக்கறதை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துட்டு அது உதிர்ந்துடும். இரும்புச்சத்து அப்படி இல்லை. பழைய இலையில இருக்கறது இடம் மாறாது. அதனால இரும்பு பத்தலைன்னா கொழுந்துதான் வெளுக்கும். உங்க செடிக்கு இரும்பு போகலை."

"அப்ப இரும்பு போடணுமா சார்?"

"அவசரப்படாதீங்க. ஊர்ச் செம்மண்ணுன்னு சொன்னீங்களே, அந்தச் சிவப்பே இரும்புதான். தொட்டியில இரும்பு நிறைய இருக்கு. செடியால எடுத்துக்க முடியலை, அவ்வளவுதான். சாப்பாடு இருக்கு, இறங்கலை. பசிக்கும் இதுக்கும் முகம் ஒண்ணுதான். பார்க்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது."

அப்புறம் அவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். சாரத்தைச் சொல்கிறேன்.

மண்ணின் புளிப்பை அளக்கிற கணக்குக்குப் பெயர் பி.ஹெச். 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிச்சாலையில் ஸோரன்ஸன் என்கிற விஞ்ஞானி கொடுத்த அளவுகோல். கார்ல்ஸ்பெர்க் என்றதும் சில வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ஆமாம், அதே பீர் கம்பெனிதான்! 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் ரெண்டு அல்ல, நூறு மடங்கு.

மண் 7-ஐத் தாண்டக் காரமாகப் போகப் போக இரும்பு கரையாமல் கட்டிக்கொள்கிறது. பாங்க்கில் பணம் இருக்கிறது, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை என்கிற மாதிரி. தெச்சி ஜாதிக்குப் பிடித்தது 5-லிருந்து 6 வரை. எங்கள் மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் பெய்து பெய்து மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கழுவிவிடுகிறது. அதனால் புளிப்பான செம்மண். தெச்சி அங்கே அரசாண்டதற்குக் காரணம் அம்மாவின் கைராசி மட்டும் அல்ல போலிருக்கிறது.

"சரி, மண்ணு எப்படி சார் காரமாச்சு?"

"என்ன தண்ணி ஊத்தறீங்க?"

பெருமையோடு ஆர்.ஓ. விஷயத்தைச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போர் தண்ணியில இருக்கற உப்பையெல்லாம் வடிகட்டி, நல்லதை நீங்க குடிச்சுட்டு, மொத்த உப்பையும் செடிக்குக் கொடுத்திருக்கீங்க! வயல்னா உப்பு கீழே இறங்கிப் போயிடும். உங்க தொட்டியில இருக்கறது ஒரு பிடி மண்ணு. அது எங்க போகும்?"

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னபடி பரீட்சை. பத்து கிராம் மண், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் 25 மில்லி, நன்றாகக் கலக்கி அரை மணி தெளியவிட்டு பி.ஹெச். காகிதத்தை நனைத்தேன். காகிதம் பச்சையாகி 8 என்றது. அரச மரத் தொட்டியும் ஏறக்குறைய அதேதான், ஆனால் அரசு கும்மென்று இருந்தது! அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்புச் சுவர் இடுக்கில், கோயில் கோபுரத்து வெடிப்பில், சிமென்ட் பைப் பக்கத்தில் முளைக்கிற ஜாதியாயிற்றே. அதற்குக் காரம் ஒரு பொருட்டா?

கடைசியாக மார்பிள் சில் ஒன்றை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. மார்பிளும் சுண்ணாம்பு ஜாதிதான்! அழகுக்கு என்று நான் போட்டது, தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே காரம் இறக்கிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி ஏழு மணி. வழக்கம்போல அப்பாவுக்கு முதலில் தட்டு. மரியாதை பாருங்கள்... பெரியவர் பசி தாங்க மாட்டார் என்று அவருக்கு ஏழுக்கே போட்டுவிட்டு, நாங்கள் ஒன்பதரைக்கு டி.வி. முன்னால் சாப்பிடுவோம். ஒரு வருஷமாக அப்படித்தான். அப்பா ஒரு சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ரெண்டாவதை எடுத்துக்கொண்டு வந்த என் மனைவி, ஏனோ கையை அப்படியே நிறுத்தினாள். சாயங்காலம் பூரா என்னிடம் தெச்சிப் புராணம் கேட்டவள் அவள்.

"மாமா, ஊர்ல ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

சொன்னால் வெட்கக்கேடு. அந்தக் கேள்வியை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அப்பா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். "கஞ்சிதான் மக்களே. சிவப்பரிசிக் கஞ்சி. பயறு. ஒரு பப்படம் சுட்டு..." நிறுத்தினார். "எது ஆனா என்ன? அவ எதிர்ல இருந்து தின்னுவா. இங்க நீங்க எப்ப தின்னுறியன்னே தெரியல்ல."

மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் தரையில். சிவப்பரிசிக்காக மாம்பலத்தில் மூணு கடை ஏறி இறங்கினேன். முதல் நாளே அப்பா கிண்ணத்தை நீட்டினார், ரெண்டாவது தடவைக்கு. என் மனைவி சட்டென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை.

இப்போது தெச்சி. பெரியவர் எழுதிக் கொடுத்த சீட்டுப்படி முதல் வேலையாக மார்பிளைப் பொறுக்கி எறிந்தேன். ஆர்.ஓ. கழிவுக்குத் தடை. உரம் பூரணமாக நிறுத்தம். 'பட்டினியா?' என்று மனசு கேட்கவில்லைதான். ஆனால் வேரைச் சுற்றி உப்பு ஏறினால், வேர் குடிக்கிறதுக்குப் பதிலாகத் தன் தண்ணீரையே வெளியே விடுமாம். இலை ஓரம் கருகியது அதனால்தான்.

அடுத்தது மழைத் தண்ணீர். மொட்டை மாடிக் குழாயின் கீழே அப்பாவே ட்ரம்மை வைத்தார். சுத்தமான மழையே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு ஏறக்குறைய 5.6-ல்தான் இறங்குகிறது. உப்பும் கிடையாது. ஒரு மழை பெய்ததும் செடியெல்லாம் பளிச்சென்று ஆகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. ஆகஸ்ட்டில் சாயங்கால மழை வந்தபோதெல்லாம் ட்ரம் நிரம்பியது. அதை நிதானமாக ஊற்றி, தொட்டி அடி ஓட்டை வழியாக உப்பைக் கழுவினோம்.

அப்புறம் இரும்பு மருந்து. இதில் ஒரு எச்சரிக்கை. கடையில் 'செலேட்' இரும்பு என்று கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. வகையைக் கொடுப்பார்கள். செலேட் என்கிற பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கிற கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது. இரும்பைக் கொடுக்கால் பிடித்துக்கொண்டு வேர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் காரமான மண்ணில் இ.டி.டி.ஏ. நண்டு பிடியை விட்டுவிடும். இ.டி.டி.ஹெச்.ஏ. நண்டு விடாது. விலை ஜாஸ்திதான். தண்ணீரில் கரைத்தால் சிவந்த டிகாஷன் மாதிரி இருக்கும். பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி ஊற்றினேன். பழைய மஞ்சள் இலை மாறவில்லை. மூணு வாரத்தில் புதுத் துளிர் வந்தது. பச்சை!

செடி தெளிந்த பிறகுதான் உரம். தெச்சிக்கு அம்மோனியம் சல்பேட், ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், மாசம் ஒரு தடவை. இது சாப்பாடும் போடும், மண்ணைக் கொஞ்சம் புளிப்பாகவும் ஆக்கும். உரக்கடையில் கால் கிலோ கேட்டபோது, "எத்தனை ஏக்கர் சார்?" என்றார் கடைக்காரர். "ஒண்ணரை அடி" என்றேன். மழைக்காலம் முடிகிற நேரத்தில் மண்ணையும் பாதி மாற்றினேன். செம்மண், தென்னை நார்க் கழிவு, இலை மக்கு, சலித்த செங்கல் துண்டு. செங்கல்லில் பழைய சிமென்ட் ஒட்டியிருக்கக் கூடாது. அது வந்தால் மார்பிள் கதைதான் மறுபடி.

மற்றவர்களுக்கும் தனித்தனி மெனு போட்டாகிவிட்டது. அரசும் ஆலும் எதையும் சாப்பிடும், ஆனால் நைட்ரஜன் கூடினால் இலை அகலமாகிப் போன்சாய் லட்சணம் போய்விடும். அதனால் நீர்த்த பிண்ணாக்குத் தண்ணீர் போதும் (ஆடிட்டர் ஊரில் இல்லாத நாளில்!). காகிதப்பூவும் லேசான புளிப்பு மண் விரும்பிதான். அதற்கு நைட்ரஜனைக் குறைத்து சாம்பல் சத்தைக் கூட்டினால்தான் பூ, இல்லாவிட்டால் வெறும் இலைதான். இந்த சாம்பல் சத்து என்பது பொட்டாஷ். அடுப்புச் சாம்பலைப் போட்டுவிடாதீர்கள், அது காரம். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். அடீனியத்துக்குப் பாதி அளவு, தண்ணீர் தேங்கவே கூடாது, தேங்கினால் அடிக்கிழங்கு அழுகும். சவுக்கு கடற்கரை மணலில் வளர்கிற ஆசாமி, உப்பும் சுண்ணாம்பும் பழகினவர். வேர் முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜன் பிடித்துக் கொடுத்துவிடும். சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் பேச்சிலர் மாதிரி. தொந்தரவே கிடையாது.

ஜப்பானில் இதெல்லாம் பழைய சமாச்சாரம். புளிப்பு மண் கேட்கிற ஸட்ஸுகி அஸேலியாவுக்கு, டோச்சிகி மாகாணத்துக் கானுமா ஊரில் தோண்டுகிற அமிலத் தன்மையுள்ள எரிமலை மண்ணைத்தான் தொட்டியில் போடுகிறார்கள். நான்தான் ஆறு பேருக்கும் ஒரே சாதம், ஒரே குழம்பு என்று கேண்டீன் நடத்தியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் செடி வெளுத்தால், உரக்கடைக்கு வண்டியை எடுப்பதற்கு முன்னால் ரெண்டு விஷயம் பாருங்கள். மஞ்சள் கொழுந்திலா, முத்தின இலையிலா? நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் எது? வினிகர், எலுமிச்சை என்று நேரே ஊற்றிப் புளிப்பாக்கக் கிளம்பிவிடாதீர்கள். வேர் வெந்துவிடும்.

2020 பொங்கலுக்கு அடுத்த வாரம். காலை ஆறரை மணி. மறுபடியும் அதே குரல்: "என்னங்க, சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். தெச்சியின் உச்சியில் ஒரே ஒரு கொத்து. செக்கச்செவேல் என்று.

அப்பா நாற்காலியில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், செடியிலும் அந்தக் கொத்து இல்லை. ஹாலுக்குள் எட்டிப் பார்த்தால், அம்மா படத்துக்கு முன்னால் அது இருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து காய்ந்த மஞ்சள் இலைகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கொள்ளாம் மக்கா. பூத்துட்டு. இனி நீ அந்தப் பிண்ணாக்கு வாளியைத் தொட்டேன்னு வையி... நானும் அவளும் அடுத்த ரயில்ல ஊருக்குப் போயிருவோம்!"